காய்ச்சல் வலிப்பு: தகப்பன் வழி வந்ததா, பனடோல் பிந்தியதால் வந்ததா?

திருகோணமலை, கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: 16 மாத மகளுக்குக் காய்ச்சலில் இரண்டு நிமிடமளவு வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, இரண்டு பக்கமும் கைகால் இழுத்தது. சின்ன வயதில் வாப்பாவுக்கும் இப்படி வந்ததாம். பனடோலைப் பிந்திக் கொடுத்ததுதான் காரணம் என்கிறார் மாமி. இது பரம்பரையா, மரபணுச் சோதனை தேவையா, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் வருமா?

முதலில் மாமியிடம் சொல்லுங்கள்: இதில் யாருடைய பிழையும் இல்லை. நேரம் தவறாமல் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும், அடுத்தடுத்த காய்ச்சல்களில் வலிப்பு வருவது குறையவில்லை. பல பிள்ளைகளுக்கு வலிப்பு வந்த பிறகுதான் காய்ச்சல் இருப்பதே தெரியவருகிறது.

கிருமி உள்ளே போனதும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருட்களை வெளியிடுகின்றன. மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனம் உண்டாகி உடல் சூடேறுவது இவற்றால்தான். அதே இன்டர்லூகின் நரம்புக் கலங்களிலும் நேரடியாக வேலை செய்கிறது: மூளையைத் தூண்டும் இரசாயனமான குளுட்டமேட்டின் கை ஓங்குகிறது, அடக்கும் இரசாயனமான காபாவின் பிடி தளர்கிறது. பனடோலில் உள்ள பரசிட்டமோல் தடுப்பது புரோஸ்டாகிளாண்டினை மட்டும். சூடு இறங்கும், பிள்ளைக்குச் சுகமாக இருக்கும்; இன்டர்லூகின் அப்படியே இருக்கும்.

ஆனாலும் காய்ச்சல் வரும் எல்லாப் பிள்ளைக்கும் வலிப்பு வருவதில்லை. 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடையில் 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்குத்தான் வருகிறது. பரம்பரை நுழைவது இங்கேதான். பெரும்பாலானோரில் ஒரு தனி மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது; பல மரபணுக்களின் சிறு சிறு பங்கு சேர்ந்து மூளையின் தாங்கும் எல்லையைக் குறைக்கிறது. தகப்பனுக்கு இருந்ததாலும், மகளுக்கு 18 மாதம் ஆகாததாலும், மறுபடி வரும் வாய்ப்பு வழமையான மூன்றில் ஒன்றைவிடக் கூடுதல். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளைவிட வாய்ப்புக் கூடும். கட்டாயம் வரும் என்றில்லை. பின்னாளில் கால்கை வலிப்பு நோயாக மாறுவது, இதுபோன்ற எளிய வகையில் 100க்கு ஒன்றிரண்டு பேரில்தான்.

ஆகவே இப்போது மரபணுச் சோதனை வேண்டாம். சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையும் தொற்றைப் பற்றித்தான் பேசும், அடுத்த வலிப்பைப் பற்றி அல்ல. இரும்புச்சத்தைப் பார்ப்பது பயன் தரும். அது குறைந்த பிள்ளைகளில் காய்ச்சல் வலிப்பு கூடுதலாகக் காணப்படுகிறது.

மரபணுவைத் தேட வேண்டிய பிள்ளை வேறு. ஒரு வயதுக்கு முன்பே, லேசான காய்ச்சலுக்கோ சுடுநீர்க் குளிப்புக்கோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்து, கால் மணி நேரத்துக்கு மேல் நீண்டு, திரும்பத் திரும்ப வந்தால் எஸ்.சி.என்.1ஏ மரபணுப் பழுதால் வரும், கடுமையான வலிப்பு நோயான டிராவே நோயை நினைக்க வேண்டும். அதில் கார்பமசெப்பின் போன்ற சில வழமையான வலிப்பு மருந்துகள் நோயைக் கூட்டிவிடும் என்பதால் பெயர் தெரிவது முக்கியம்.

மறுபடி வந்தால் உடனே மணிக்கூட்டைப் பாருங்கள். தரையில் பக்கவாட்டில் கிடத்துங்கள். வாயில் கரண்டி, தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கையில் திறப்பைத் திணிப்பதால் பயனில்லை. இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். எந்தப் பக்கம் இழுத்தது என்பதை வைத்தியர்களாகிய நாங்கள் அதில்தான் பார்ப்போம். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். நின்ற பிறகும் மயக்கம் தெளியாமல் கிடந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, ஒரே நாளில் இரண்டாம் தடவை வந்தாலோ ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காமல் கொண்டு போங்கள். மூளைக்காய்ச்சல் இல்லையென்று உறுதி செய்தாக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி.; 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பாணியில் அது 6 மி.லீ. சொச்சம். தேக்கரண்டியால் அளந்தால் கூடிக் குறையும், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். வலிப்புக்குப் பயந்து இபுப்ரொஃபெனோ, பின்வழியாக வைக்கும் டைக்ளோஃபெனாக்கோ கொடுக்கவே வேண்டாம். திருகோணமலையில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். அப்போது இவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

மூன்று வயதில் போடும், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம். அதன் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு கிழமை கழித்துத்தான் வரும். வலிப்பு வந்த பிள்ளை என்பதைக் கிளினிக்கில் சொல்லி, அந்த நாட்களில் பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள்.