இத்தாலிய வினைக்கு முன்னால் ‘அ’வா, ‘தி’யா?

‘வோல்யோ அ மஞ்ஜாரே’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டு, ‘கொமின்ச்சோ அ மஞ்ஜாரே’யை (சாப்பிடத் தொடங்குகிறேன்) மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். வொலேரே (விரும்புவது), பொத்தேரே (முடிவது, இயல்வது), தொவேரே (செய்தாக வேண்டியிருப்பது) மூன்றும் அடுத்த வினையை நேராகவே ஏற்கும்: ‘வோல்யோ மஞ்ஜாரே’, சாப்பிட விரும்புகிறேன். தொடங்குவது, கற்பது என்ற பொருளுள்ள வினைகள் இடையில் ‘அ’ என்ற சிறுசொல்லைக் கேட்கும். முடிப்பது, தீர்மானிப்பது என்பவை ‘தி’ என்ற சிறுசொல்லைக் கேட்கும். பொருளை வைத்து ஊகிக்கலாம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். புரிந்துகொள்ள முயல்கிறேன் என்பதற்கு ‘ப்ரோவோ அ கப்பீரே’ என்றும் சொல்வார்கள், ‘செர்க்கோ தி கப்பீரே’ என்றும் சொல்வார்கள்! ஆகவே ‘கொமின்ச்சாரே அ’ (தொடங்குவது), ‘ஃபினீரே தி’ (முடிப்பது) என்று வாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

இன்னொன்று: எழுவாய் மாறினால் இந்த அமைப்பு உதவாது. நானே கிளம்ப விரும்பினால் ‘வோல்யோ பர்த்தீரே’; நீ கிளம்ப வேண்டுமென்று நான் விரும்பினால் ‘வோல்யோ கே து பர்த்தா’.