எங்கிருந்து தொடங்குவது சர்ரியலிசத்தை?

கேள்வி: ஆந்த்ரே பிரெத்தோனின் சர்ரியலிச அறிக்கையை ஆசையாக எடுத்தேன். நாலு பக்கம் தாண்டவில்லை. வேறு எதில் ஆரம்பிக்கலாம்? காஃப்காவும் இதில் சேர்த்தியா?
– கல்லூரி மாணவர், அம்மாபேட்டை, சேலம்.

பதில்: தம்பி, அந்த அறிக்கையைக் கடைசிக்கு வையுங்கள். சர்ரியலிசம் என்பது தர்க்கத்தை ஒதுக்கிவிட்டு, கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கப் பார்த்த இயக்கம். அதன் தலைவரான பிரெத்தோன் கனவுக்காக அதில் வக்கீல் மாதிரி வாதாடுகிறார். நமக்கு முதலில் கனவைக் காட்டுகிற ஆள் வேண்டும்.

என் சிபாரிசு, இங்கிலாந்தில் பிறந்து மெக்ஸிகோவில் வாழ்ந்த லியனோரா காரிங்டனின் 'தி ஹியரிங் ட்ரம்பெட்'. எளிய ஆங்கிலம்தான். 92 வயதுப் பாட்டிக்குக் காது மந்தம். தோழி ஒரு காதுக்குழல் தருகிறாள். அதை வைத்துக் கேட்டால், வீட்டார் தன்னை முதியோர் விடுதிக்கு அனுப்பத் திட்டம் போடுவது காதில் விழுகிறது! இதுவரை நம்ம ஊர்க் கதைதானே? விடுதிக்குப் போன பிறகுதான் வேடிக்கை. அங்கே குடியிருப்பு ஒன்று பூட்ஸ் வடிவில் நிற்கிறது. சாப்பாட்டு அறையில் தொங்கும் படத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி கண்ணடிக்கிறாள். பாட்டி எதற்கும் அலட்டிக்கொள்வதில்லை. நீங்களும் 'இதற்கு என்ன அர்த்தம்' என்று நோண்டாமல் அவள் பின்னாலேயே போங்கள்.

தமிழில் அப்துல் ரகுமானின் கவிதைத் தொகுப்பு 'பால்வீதி'. விளக்கமாகத் தெரிந்துகொள்ள, கவிஞர் பாலாவின் 'சர்ரியலிசம்'. அப்புறம் பிரெத்தோனின் 'நாஜா' (1928). பாரிஸ் தெருப் படங்களோடு வந்த விசித்திர நூல் அது.

மனிதன் பூச்சியாக மாறும் கதையை எழுதிய காஃப்கா? சேர்த்தி இல்லை. அறிக்கை வந்தது 1924 அக்டோபரில். அவர் அந்த ஜூனிலேயே காலமாகிவிட்டார். பின்னால் வந்த சர்ரியலிஸ்டுகள் அவரைக் கொண்டாடினார்கள், அவ்வளவே.

படிப்பதோடு விளையாடவும் செய்யுங்கள். ஒருவர் எழுதியதை மடித்து மறைத்து, அடுத்தவர் தொடர்வது பாரிஸ் சர்ரியலிஸ்டுகளின் விளையாட்டு. 'அழகிய பிணம் புது மதுவைக் குடிக்கும்' என்று அவர்களுக்கு ஒரு வரி வந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு எழுதிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சேலம் இறங்கினால் தட்டுவடை செட் கடை பெஞ்சில் நாங்களும் ஆடுவோம். ஒருவர் அடைமொழி, ஒருவர் எழுவாய், ஒருவர் செயப்படுபொருள், ஒருவர் வினை. பச்சைச் சட்னி ஒட்டிய தாளைப் பிரித்தால், 'சோம்பேறிக் கொலுசு மூன்றாவது கொண்டை ஊசி வளைவைக் கடித்துத் தின்றது.' கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். ஒன்று மட்டும்: எழுவாய், வினை இரண்டையும் அஃறிணை ஒருமையிலேயே வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும்.