கதம்பை, மரச்சீனி, வாழைத்தடை: செல்லுலோஸ் கேள்வி பதில்

மணவாளக்குறிச்சியிலிருந்து கயிறு திரிக்கும் அக்கா: தேங்காய்நார்க் கயிறு கடல்தண்ணீரில் நெடுநாள் தாங்குகிறது. பருத்தி நூல் சீக்கிரம் இற்றுவிடுகிறது. இரண்டும் செல்லுலோஸ்தானே?

ஆமாம் அக்கா, செடிகொடிகளின் உடலைக் கட்டும் செல்லுலோஸ் இரண்டிலும் இருக்கிறது, அளவுதான் வேறு. பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். தேங்காய்நாரில் அது பாதிகூட வராது. மரத்துக்கு விறைப்பு கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் மட்டும் ஏறக்குறைய 40 சதவீதம். நுண்ணுயிரிகளுக்குச் செல்லுலோஸ் சாப்பாடு, லிக்னின் லேசில் செரிக்காது. கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, மாதக்கணக்கில் ஊறப்போடுகிறோமே, அப்போது நாரோடு நாரை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை பாக்டீரியா தின்றுவிடும், நார் தப்பிவிடும். அந்த அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. உப்புத்தண்ணீரிலுள்ள சல்பேட்டிலிருந்து இன்னொரு வகை பாக்டீரியா அதை உண்டாக்குகிறது.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: மரச்சீனி (மரவள்ளி) மாவும் செல்லுலோஸும் குளுக்கோஸ்தான் என்கிறார்கள். அப்புறம் ஏன் காகிதம் நமக்குச் செரிப்பதில்லை?

நல்ல கேள்வி மக்கா. குளுக்கோஸ் ஒன்றுதான், இணைப்பு வேறு. மாவில் ஆல்பா, செல்லுலோஸில் பீட்டா. பீட்டா இணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கும். அதனால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிவிடும். அதை வெட்டும் நொதி நம் குடலில் இல்லை. மாட்டுக்கும் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிரிகள்தான் வெட்டிக் கொடுக்கின்றன.

வீட்டிலேயே பார்க்கலாம். அவித்து ஆறின மரச்சீனித் துண்டில் ஒரு சொட்டு அயோடின் விடு, கருநீலமாகும். பஞ்சில் விட்டால் பழுப்பாகவே நிற்கும். மாவுச் சங்கிலி சுருள்சுருளாக இருப்பதால் அயோடின் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

1838-லேயே பிரான்ஸில் ஆன்செல்ம் பாயன் செல்லுலோஸைப் பிரித்துவிட்டார். இவையெல்லாம் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-ல் எழுதியபோது பெரிய வேதியியலாளர்களே நம்பவில்லை. நோபல் பரிசு கிடைத்தது 1953-ல்தான். இப்படிப்பட்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர் பற்றிப் படிக்க வருகிறவர்கள் முதலில் இவரைப் படிக்க வேண்டும் என்பேன்.

திருவட்டாறு வாழை விவசாயி: ஏத்தன் வாழையில் குலை வெட்டினபின் தடை, அதாவது அடிமரம், வீணாகிறது. உருக்கி பிளாஸ்டிக் ஆக்கலாமா?

உருகாது அண்ணே. சூடாக்கினால் உருகும் முன்பே கருகும், மேலே சொன்ன இறுக்கம்தான் காரணம். கரைத்துத்தான் எடுக்க வேண்டும். 1892-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையில், காரத்தில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துப் பாகாக்கி, அமிலத்துக்குள் இழையாக இழுப்பார்கள். ரேயான் துணி அப்படி வருவதுதான். ஆனால் கார்பன் டைசல்ஃபைடு நரம்பைக் கெடுக்கும் விஷம். பின்னால் வந்த லயோசெல் முறையில் அது கிடையாது. கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

தடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை. தோட்டத்திலேயே நார் உரித்து, சக்கையை உரத்துக்கு விட்டு, காய்ந்த நாரை மட்டும் விற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வாழை பிளாஸ்டிக் மெஷின் என்று யாராவது விற்க வந்தால், கழிவுநீர் எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்.

குலசேகரம் ரப்பர் வெட்டும் தொழிலாளி: ரப்பர் பாலிலும் செல்லுலோஸ்தானா?

இல்லை, அது ஐசோபிரீன் என்ற வேறொரு சிறு மூலக்கூறு கோத்த சங்கிலி. ரப்பர் துகள்களின் மேலுறை எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. ஃபார்மிக் ஆசிட் விட்டதும் அந்த மின்னூட்டம் அடங்கி, பால் கட்டியாகிறது. செல்லுலோஸ் வேண்டுமென்றால் ரப்பர் மரத்தின் கட்டையில் இருக்கிறது.