ஸ்டெப்னி இல்லை, கூரை திறக்காது: இந்த வண்டியை வாங்கலாமா?

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 72 வயது அப்பா. 24 லட்சத்துக்குள் ஒரு மின்சார எஸ்யூவி பார்த்துக்கொண்டிருக்கிறோம். மஹிந்திரா பிஇ 6 எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்தான் தருவோம் என்கிறார்கள். கண்ணாடிக் கூரை திறக்காது, அதை மூட ஒரு திரையும் இல்லை. பின் கண்ணாடி வழியே பாதிதான் தெரிகிறது. "இவ்வளவு காசைக் கொட்டி ஸ்டெப்னி இல்லாத வண்டியா?" என்று மைத்துனர் கேலி பேசுகிறார். மனைவிக்கு கிரெட்டா எலெக்ட்ரிக்தான் விருப்பம். தினமும் 40 கி.மீ. ஓட்டம், வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை சென்னைப் பயணம். எதை எடுப்பது?

பதில்: மைத்துனர் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டார். நான் அப்பாவைப் பிடித்துக்கொள்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஸ்டெப்னி. இது அந்த ஒரு கம்பெனியின் கஞ்சத்தனம் மட்டும் அல்ல. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் சென்சார், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மின்சார வண்டிகளுக்கு இது நல்ல வசதியாகப் போயிற்று. தரைக்கு அடியில் பேட்டரி, பிஇ 6 மாதிரி வண்டியில் பின் அச்சில் மோட்டார். டிக்கிக்குக் கீழே ஒரு முழுச் சக்கரத்துக்கான பள்ளம் விட இடம் எங்கே?

பஞ்சர் கிட் என்பது ஒரு சின்ன ஏர் பம்பும் ஒரு புட்டி பசையும். ஆணி குத்திய ஓட்டையை அது அடைக்கும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பசைக்குக் காலாவதித் தேதியும் உண்டு, யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, இந்த வண்டியின் டயர் 245/60 ஆர்18 அல்லது 245/55 ஆர்19. கயத்தாறு பக்கம் ராத்திரி பத்து மணிக்கு டயர் கிழிந்தால் அந்த அளவு அங்கே கிடைக்கும் என்று நான் நம்ப மாட்டேன். ஆகவே கவலை நியாயமானது. ஆனால் தீர்வு கையில் இருக்கிறது: அதே அளவில் ஒரு வீலும் டயரும் தனியாக வாங்கி வீட்டில் போட்டு வையுங்கள். ஊருக்குள் ஓடும்போது தேவை இல்லை, சென்னைக்குக் கிளம்பும்போது மட்டும் டிக்கியில் ஏற்றுங்கள். 455 லிட்டர் டிக்கியில் ஒரு பெரிய பகுதி போய்விடும்தான், மீதிப் பெட்டிகளில் சிலவற்றை முன்பக்கச் சின்ன டிக்கிக்குத் தள்ள வேண்டியிருக்கும். ஜாக்கும் வீல் ஸ்பேனரும் சேர்த்து வாங்க மறக்காதீர்கள். ஸ்டெப்னி கொடுக்காத வண்டியில் அவை மட்டும் எதற்கு என்று அவற்றையும் விட்டிருப்பார்கள்.

கூரைக்கு வருவோம். திறக்காத கண்ணாடிக் கூரைக்கு ஒரு காரணம் உண்டு. திறக்கும் சன்ரூஃபுக்கு மோட்டார், தண்டவாளம், மழைநீர்க் குழாய் எல்லாம் வேண்டும். அவை தலைக்கு மேலே உள்ள உயரத்தைத் தின்னும். கூரை ஏற்கெனவே பின்னால் சரிகிற வண்டியில் அந்த உயரம் விலைமதிப்பானது. சரி, திரையாவது கொடுத்திருக்கலாமே என்றால், ஆமாம், கொடுத்திருக்க வேண்டும். நெல்லை மே மாதத்தில் உச்சி வெயில் கண்ணாடி வழியாக மண்டையில் இறங்குவது சொகுசு இல்லை. கழற்றி மாட்டும் சன்ஷேடு வலை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கச் சுமாராக இருக்கும், வேலை செய்யும்.

ஆக, நீங்கள் எழுதியதில் இரண்டு குறைகளைக் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். பின் கண்ணாடியை அப்படித் தீர்க்க முடியாது. அது வண்டியின் உடம்போடு வந்தது.

அந்தச் சரிவுக் கூரை வெறும் அழகுக்காக இல்லை. நெடுஞ்சாலையில் மின்சார வண்டியின் பெரிய எதிரி காற்று. வேகம் 80-இலிருந்து 100-க்கு ஏறினால் காற்று எதிர்க்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பின்னால் சரிந்து இறங்கும் வண்டியைக் காற்று எளிதாக விடும், அதே பேட்டரியில் கூடுதல் கிலோமீட்டர் கிடைக்கும். அதற்கு விலையாகத்தான் பின் கண்ணாடி ஒரு கீற்றாகச் சுருங்குகிறது, பின் சீட்டில் உட்காருபவரின் தலை கூரைக்குப் பக்கத்தில் போகிறது. ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்று ஷோரூமில் சொல்வார்கள். அது பின்னால் எடுப்பதற்கு. கோவில்பட்டி தாண்டி ஓர் ஆம்னி பஸ் லைட் அடித்துக்கொண்டு பின்னால் ஒட்டி வரும்போது உங்களுக்குத் தேவை கண்ணாடி.

இதோடு இன்னொன்று இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பின் சீட்டின் கால் வைக்கும் தளம் உயர்ந்துவிடும். சீட்டை அதே அளவு உயர்த்தினால் தலை இடிக்கும். அதனால் முழங்கால் மேலே தூக்கி, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் உட்கார வேண்டி வரும். அரை மணி நேரத்தில் தெரியாது. மதுரை போவதற்குள் இடுப்பு சொல்லிவிடும். இதற்கு எந்தக் கடையிலும் ஆக்சஸரி இல்லை. அப்பாவைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

இனி கிரெட்டா எலெக்ட்ரிக். பெட்ரோல், டீசல் கிரெட்டாவின் உடம்பில் ஸ்ரீபெரும்புதூரில் பேட்டரி வைத்துச் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் 17.99 லட்சத்தில் தொடங்கி 23.50 லட்சம் வரை, ஷோரூம் விலையில் வந்தது. பழைய உடம்பு என்பதால் கூரை நேராக இருக்கிறது, பின் கண்ணாடி வழியே ரோடு தெரிகிறது, மேல் வகைகளில் சன்ரூஃப் திறக்கிறது. பேட்டரி மட்டும் சின்னது: பெரிய வகையே 51.4 கிலோவாட் அவர். பிஇ 6-இல் 79 கிலோவாட் அவர் பேட்டரியோடு பேக் டூ என்ற வகை 2025 ஜூலையில் வந்தபோது அதன் விலையும் 23.50 லட்சம்தான். ஒரே காசுக்கு ஒரு பக்கம் பெரிய பேட்டரி, இன்னொரு பக்கம் நிமிர்ந்து உட்காரும் பின் சீட்டு.

உங்கள் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம் சான்றிதழில் பிஇ 6-க்கு 683 கி.மீ., கிரெட்டாவுக்கு 2025 ஜனவரியில் வந்தபோது 473 கி.மீ. ஏசி போட்டு, ஐந்து பேரோடு, நெடுஞ்சாலையில் போனால் எழுபது சதவீதம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படியானால் சுமார் 480-உம் 330-உம். சென்னை உங்களுக்கு 600 கி.மீ.க்கு மேல். பிஇ 6-இல் திருச்சிப் பக்கம் ஒரு தடவை நிறுத்தினால் போதும். கிரெட்டாவில் இரண்டு தடவை நிறுத்துவதுதான் நிம்மதி. பிஇ 6-இன் 20 நிமிடத்தில் 80 சதவீதம் என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 175 கிலோவாட் சார்ஜரில், 20 சதவீதத்திலிருந்து தொடங்கினால். வழியில் 60 கிலோவாட் சார்ஜர்தான் அமைந்தது என்றால் அதே வேலைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிரெட்டா 50 கிலோவாட் சார்ஜரில் 10-இலிருந்து 80 சதவீதம் ஏற 58 நிமிடம். அந்த நேரத்தில் சாப்பிட்டுவிடலாம், வயதானவர்கள் எப்படியும் இறங்கிக் காலாற நடக்கத்தான் வேண்டும். ஆகவே வருஷத்துக்கு நான்கு பயணத்தில் ஒரு நிறுத்தம் கூடுவதை நான் பெரிய குறையாக எண்ண மாட்டேன்.

தினமும் 40 கி.மீ. என்பது இரண்டு வண்டிக்கும் ஒன்றுமே இல்லை.

அப்பாவை அழைத்துக்கொண்டு இரண்டு ஷோரூமுக்கும் போங்கள். டெஸ்ட் டிரைவில் நீங்கள் ஓட்ட வேண்டாம், பின் சீட்டில் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். பாளையங்கோட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. நாற்கரச் சாலையில் நாற்பது நிமிடமாவது கேளுங்கள், கொடுப்பார்கள். அப்பா "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள், அவர் இறங்கும் விதத்தைப் பாருங்கள். சிரமப்பட்டார் என்றால் பிஇ 6 வேண்டாம், பேட்டரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும். சிரமம் இல்லை என்றால் தாராளமாக எடுங்கள், வலையும் ஸ்டெப்னியும் நான் சொன்னபடி. பிஇ 6-இன் வீட்டு சார்ஜர் வண்டி விலையில் சேராது: 7.2 கிலோவாட்டுக்கு 50,000, 11.2 கிலோவாட்டுக்கு 75,000 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். பெரியது எடுப்பதாக இருந்தால் வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. 2025 நவம்பரில் அதே மஹிந்திரா, அதே அடித்தளத்தில், நேர்க் கூரையோடு மூன்று வரிசை எக்ஸ்இவி 9எஸ் கொண்டுவந்தது. அதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏசியைக் கூட்டிக் குறைக்கவும் ஸ்க்ரீனைத் தடவ வேண்டியிருக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். பழகுமா?

பதில்: பாதி பழகும். எந்த மூலையில் எந்தப் படம் என்பது ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் கண்ணை எடுக்காமல் விரலால் தேடிப் பிடிக்க மேடு பள்ளம் இல்லாத கண்ணாடியில் முடியாது, எத்தனை வருஷம் ஓட்டினாலும். கம்பெனிகளுக்கு இதில் லாபம் இருக்கிறது: இருபது பட்டன், அவற்றின் வயர், அச்சு எல்லாம் மிச்சம். மும்பையில் 2025 ஜூலையில் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் ஒய்-இல் ஸ்பீடு பார்க்கக்கூட நடு ஸ்க்ரீன்தான், கியர் மாற்றுவதும் அதிலேயே. வந்தபோது விலை என்னவோ 59.89 லட்சம்.

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப் 2026 முதல் விதியை இறுக்கியிருக்கிறது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இல்லாவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்காது. நீங்களும் ஷோரூமில் ஒரு சோதனை செய்யலாம். கார் நிற்கும்போதே ரோட்டைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு, முன் கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கும் பட்டனைக் கண்டுபிடித்துப் பாருங்கள். மூன்று விநாடிக்குள் கை போகவில்லை என்றால், மழை நாளில் திண்டாட்டம்தான். வாய்ஸ் கமாண்ட் இருக்கிறது என்பார்கள். பின்னால் இரண்டு குழந்தைகள் சண்டை போடும் காரில் அது யார் பேச்சைக் கேட்கும்?

கேள்வி: கதவுக் கைப்பிடி உள்ளே அழுந்தியே இருக்கிறது, லாக் எடுத்தால்தான் வெளியே வருகிறது. நல்லதா?

பதில்: காற்று எதிர்ப்பில் கொஞ்சம் மிச்சம், பார்வைக்கு நிறைய. 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் எப்படித் திறப்பது என்பதை டெலிவரி நாளிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பின் கதவுக்கும் கையால் இழுக்கும் அமைப்பு இருக்கிறதா என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். விபத்துக்குப் பின் கதவு திறக்க முடியாமல் போகும் ஆபத்தைக் காட்டி, மின்சாரம் இல்லாமலும் கையால் திறக்கும் வழி கட்டாயம் என்று சீனாவே 2027 ஜனவரியிலிருந்து விதி கொண்டுவருகிறது. இந்த மோஸ்தர் பெரிதாக வளர்ந்த நாடு அது.

கேள்வி: இப்போது இல்லாத வசதி ஆறு மாதத்தில் வந்துவிடுகிறது. காத்திருக்கலாமா?

பதில்: பயம் வீண் அல்ல. எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் 38 கிலோவாட் அவர் பேட்டரியோடு, ஓட்டுபவருக்கு உதவும் அடாஸ் எச்சரிக்கை வசதிகள் இல்லாமல் வந்தது. 2025 மே மாதம் 52.9 பேட்டரி, அடாஸ் இரண்டோடும் விண்ட்சர் ப்ரோ வந்துவிட்டது. முதல் எட்டு மாதத்தில் வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல். பிஇ 6-இலும் பெரிய பேட்டரி வேண்டுமென்றால் முதலில் 26.90 லட்சம் பேக் த்ரீ எடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தது, பிறகுதான் பேக் டூவுக்கு இறங்கியது.

என் கணக்கு இது: பேட்டரி அளவு உங்கள் ஓட்டத்துக்குப் போதவில்லையா, காத்திருங்கள். பின்னால் மாற்ற முடியாது. பவர் டிக்கி, கலர் லைட், எட்டு ஸ்பீக்கருக்குப் பதில் பதினாறு, இவற்றுக்காகவா, இப்போதே வாங்குங்கள்.

கேள்வி: இல்லாத சில வசதிகள் "சாஃப்ட்வேர் அப்டேட்டில் வரும் சார்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: நானும் ஒரு தடவை நம்பினேன். பேட்டரியை எந்த நேரத்தில் சார்ஜ் செய்ய வேண்டும் என்று குறிக்கும் வசதி அடுத்த அப்டேட்டில் வரும் என்றார் ஒரு டீலரின் ஆள். இரண்டு வருஷம் கழித்து நான் அந்த வண்டியை விற்கும்வரை வரவில்லை. சொன்னவர் அதற்குள் வேறு ஷோரூமுக்குப் போய்விட்டார்.

முதலில் அந்த வசதிக்குத் தேவையான பாகம் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரேடார் இல்லாத வண்டிக்கு எந்த அப்டேட்டும் ரேடாரைக் கொண்டுவராது. இருக்கிறது என்றால், எந்த வசதி, எந்தத் தேதிக்குள், இலவசமா என்பதை டீலரின் ஈமெயிலில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பும் பரவாயில்லை, வாய்ப்பேச்சுதான் ஆகாது. விளம்பரக் கையேட்டின் அன்றைய பிரதியையும் பத்திரப்படுத்துங்கள், இணையத்தில் அது சத்தமில்லாமல் மாறும். எழுத்தில் கொடுத்துவிட்டு மீறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருக்கும்வரை வழக்கு அங்கேதான், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

எழுதித் தர மாட்டோம் என்றால் அந்த வசதி வரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.