குட்டி தரையை முகரும்போது

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்க்குட்டி வீட்டுக்குள் அசுத்தம் செய்வதைப் பற்றியவை. அவற்றில் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மழையும் வேலை நேரமும் சேர்ந்து அங்கே சிக்கலைச் சற்றுக் கூட்டிவிடுகின்றன.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வார ஆண் குட்டி ஒன்று வளர்கிறது. சாரல் விடாமல் அடிப்பதால், புழக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் ஈரத்தில் கால் வைக்காமல் நிற்கிறது. உள்ளே வந்த மறு நிமிடமே கூடத்தில் ஒன்றுக்குப் போய்விடுகிறது. வேண்டுமென்றே செய்கிறதா? மூக்கை அதிலேயே தேய்த்து இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்கிறார். மழை விட்டதும் தெருவுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கலாமா?
— வாசகி, செங்கோட்டை

பதில்: வேண்டுமென்று செய்யவில்லை, அம்மா. பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும்வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நாய் நக்கித் தூண்டினால்தான் அது வெளியேறும். அதைத் தாயே சுத்தமும் செய்துவிடும். அதன் பிறகுதான் குட்டி தள்ளாடி எழுந்து, படுத்திருந்த இடத்தைவிட்டுச் சற்று விலகிப் போய்க் கழிக்கப் பழகுகிறது. படுக்கையை அழுக்காக்கக் கூடாது என்ற அந்தக் குணம் அதற்குக் கூடவே பிறந்தது. வீடு முழுவதும் தன் படுக்கையே என்று அதற்குப் புரியவைப்பதுதான் நம் வேலை. எட்டு, ஒன்பது வார வயதில் எந்தத் தரை பாதத்தில் பட்டுக் கழிக்கப் பழகுகிறதோ, பின்னாளிலும் அதே தரையைத்தான் நாய் தேடும். உங்கள் குட்டி சரியாக அந்தப் பருவத்தில் இருப்பதால், சாரல் ஓயட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள், தண்ணீர் குடித்த சற்று நேரத்தில், துள்ளி விளையாடி ஓய்ந்ததும் என்று இந்த நான்கு வேளைகளிலும் குட்டிக்கு முட்டிக்கொண்டு வரும். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. அதனால்தான் தட்டை நக்கி முடித்த குட்டி உடனே இடம் தேடுகிறது. இவை தவிர, விழித்திருக்கும் இரண்டு மாதக் குட்டியை மணிக்கு ஒரு முறையாவது வெளியே கொண்டுபோக வேண்டும். தூங்கும்போது இரண்டு, மூன்று மணி நேரம் அடக்கும். இரவில் ஒரு தடவை நீங்கள்தான் எழுந்தாக வேண்டும்.

நேரத்தைவிடப் பெரிய உதவி குட்டியின் உடல் காட்டும் அறிகுறிகள். அவற்றை ஒரு வாரம் கூர்ந்து பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. செருப்பைக் கவ்வி இழுத்துக்கொண்டிருக்கும் குட்டி திடீரென்று அதைக் கீழே போடும். மூக்கு தரைக்கு இறங்கும். அதுவரை நேராக ஓடிக்கொண்டிருந்தது வளைந்து வளைந்து நடக்கத் தொடங்கும். வட்டம் சிறிதாகிக்கொண்டே வரும். மலம் கழிக்கப் போகிறதென்றால் வால் அடியிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும், பின்னங்கால்கள் விறைத்து நெருங்கி வரும், வாலுக்கு அடியில் மலவாய் சிறிது புடைத்துத் தெரியும். சிறுநீருக்கு இவ்வளவு முன்னறிவிப்பு கிடையாது. நான்கைந்து முறை முகர்ந்தவுடன் உட்கார்ந்துவிடும். ஆண் குட்டியும் இந்த வயதில் பெண் குட்டியைப் போல உட்கார்ந்தேதான் போகும். காலைத் தூக்குவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். சில குட்டிகள் முகராமலே கதவோரம் போய் நின்று திரும்பி நம் முகத்தைப் பார்க்கும்; சில முனகும்; சில ஒன்றும் காட்டாமல் கட்டிலுக்குப் பின்னால் நழுவிவிடும். ஏற்கெனவே நனைத்த மூலையை நோக்கி நடக்கிறதென்றால் யோசிக்காதீர்கள், உடனே தூக்கிக்கொள்ளுங்கள்.

மழைக்கு வழி இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனியிலும் ஆடியிலும் உங்கள் ஊரை நனைத்துக்கொண்டுதான் இருக்கும். புழக்கடைக் கூரையின் கீழ், சாரல் அதிகம் படாத இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குச் செங்கல் வைத்து வரம்பு கட்டி நான்கு விரல் உயரம் மணல் கொட்டுங்கள். குட்டியின் சிறுநீரைத் துடைத்த பழைய துணியை அந்த மணலில் ஒரு முறை அழுத்தி எடுங்கள். நாய் தன் வாசனையை வைத்தே இடத்தைக் கண்டுகொள்கிறது. திறந்த மண்ணில் மழை அந்த வாசனையைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால் குட்டிக்கு அடையாளம் தெரியாமல் போகிறது. ஈரம் பிடிக்காமல் நிற்பது ஒரு காரணம் என்றால், இது அதைவிடப் பெரிய காரணம். செய்தித்தாள் விரித்துப் பழக்குகிறவர்கள் உண்டு. ஆனால் தாளில் பழகிய குட்டி மிதியடியையும் தரையில் கிடக்கும் துணியையும் தாளாகவே எண்ணிக்கொள்ளும். மணலில் பழகியது நாளைக்கு மண்ணில் தானாகப் போகும்.

மணலில் விட்டபின் நீங்களும் அங்கேயே பேசாமல் நில்லுங்கள். முடித்த அந்தக் கணமே, உள்ளே வந்த பிறகு அல்ல, ஒரு துண்டு தின்பண்டத்தைக் கொடுத்து அன்பாக இரண்டு வார்த்தை பேசுங்கள். உடனே உள்ளே தூக்கி வராதீர்கள். ஒன்றுக்குப் போனால் விளையாட்டு முடிந்துவிடும் என்று அது கண்டுகொண்டால் அடக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கும். பத்து நிமிடம் ஆகியும் போகவில்லையென்றால், உள்ளே கொண்டுவந்து தரையில் விடாமல் மடியில் வைத்திருந்து, கால் மணி நேரத்தில் மறுபடியும் கொண்டுபோங்கள். கூடம் நனைவது பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

அண்ணாச்சி நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனாலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கழித்து முடித்துச் சில விநாடிகள் கடந்துவிட்டாலே குட்டியால் அதையும் அடியையும் இணைத்துப் பார்க்க முடியாது. அது கற்றுக்கொள்வதெல்லாம், இந்த மனிதர்கள் பார்க்கும்படி சிறுநீர் கழித்தால் ஆபத்து என்பதைத்தான். அதன்பின் வெளியே உங்கள் முன்னால் போகாமல், உள்ளே கட்டிலடியில் ஒளிந்து போகும். காதை மடக்கிக் கண்ணைத் தாழ்த்தி நிற்பது தவற்றை உணர்ந்ததால் அல்ல. உங்கள் கோபத்தைக் கண்ட அச்சத்தால். கண்முன்னே தொடங்கிவிட்டால், கையை மெதுவாக ஒரு முறை தட்டிக் கவனத்தைக் கலைத்து மணலுக்குத் தூக்கிப் போங்கள், அவ்வளவே போதும்.

தெருவுக்கு இப்போது வேண்டாம். தடுப்பூசித் தவணைகள் பதினாறு வாரம்வரை நீளும்; அவை முடியுமுன் பிற நாய்கள் நடமாடும் இடத்தில் விட்டால் குட்டிகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றக்கூடும். அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் தாங்கி நிற்கும். வேறு நாய்கள் வராத சொந்தப் புழக்கடையே பாதுகாப்பானது.

கேள்வி: நானும் என் கணவரும் தினமும் காலை ஆறு மணி ஜீப்பில் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறோம். வீட்டில் மாமியார் மட்டும். அவருக்கு முழங்கால் வலி. இரண்டரை மாதக் கோம்பைக் குட்டியைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போகிறோம். இருந்த இடத்திலேயே எல்லாம் செய்து அதன் மேலேயே படுத்துக் கிடக்கிறது. இந்த இனமே அடங்காது என்கிறார்களே?
— வாசகி, கம்பம்

பதில்: இனத்தின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய அந்த நாய் புத்திக்கூர்மையும் விசுவாசமும் உடையது. பத்து மணி நேரம் அடக்கி வைக்க இந்த வயதில் எந்தக் குட்டிக்கும் உடலில் வலு கிடையாது. சங்கிலி எட்டும் தூரத்துக்குள் போவதைத் தவிர அதற்கு வேறு வழியும் இல்லை. என்னைக் கவலைப்படவைப்பது வேறொன்று: படுக்கையை அழுக்காக்கக் கூடாது என்ற பிறவிக் குணம் இப்படியே நாளாக நாளாக மழுங்கிப்போகும். அது மழுங்கிவிட்டால் பிறகு பழக்குவது மிகக் கடினம். ஆகவே இன்றே சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள்.

வீட்டுக்குப் பின்புறம் நிழலுள்ள ஒரு மூலையை மூங்கில் தட்டியாலோ பழைய கதவாலோ மறித்து, ஒரு கோடியில் சாக்குப் படுக்கையும் தண்ணீரும், மறு கோடியில் மணலுமாக அமையுங்கள். இரண்டுக்கும் நடுவே குட்டி நாலெட்டு நடந்து போக இடம் வேண்டும். காலையில் ஐந்து மணிக்கே சோறு வைத்து, அது வெளிக்கிருந்து முடித்த பிறகு ஜீப் ஏறுங்கள். நண்பகல் சோற்றை மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே வைக்கட்டும். அவர் குனியவோ தூக்கவோ வேண்டாம். சாப்பிட்டதும் குட்டி மணல் பக்கம் போகும்போது அவர் குரல் கொடுத்து மெச்சினாலே போதும், குட்டிக்கு அந்தக் குரல் பெரிய வெகுமதி. மாலையில் நீங்கள் வந்ததும் மூன்றாம் வேளை. பசும்பாலை நிறுத்திப் பாருங்கள். பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கழியவைக்கும், கழியும் வயிற்றோடு எந்தப் பழக்கமும் படியாது.

மலத்தை அன்றன்றைக்கே அள்ளிப் புதைத்துவிடுங்கள். நாயின் கொக்கிப்புழு ஈர மண்ணில் பெருகி, வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகுந்து அரிக்கும். இந்த வயதில் குடற்புழு மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், மூன்று மாதத்துக்குப் பின் ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும் கொடுக்க வேண்டியிருக்கும். எடையைப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கேள்வி: நான்கு மாதப் பெண் குட்டி மற்ற நேரங்களில் ஒழுங்காக வெளியே போகிறது. மாலையில் என் கணவர் வந்து குனிந்து தடவியதும் அப்படியே சொட்டுச் சொட்டாக விட்டுவிடுகிறது. அவர் கோபப்படுகிறார்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இது பழக்கக் குறைவு அல்ல, மிகுந்த மகிழ்ச்சியிலும் பணிவிலும் குட்டியை மீறி நடப்பது. உடலைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடக்கி, சில வேளை மல்லாந்து படுத்துக்கொண்டு விடும், பாருங்கள். கோபப்பட்டால் இன்னும் பணிந்து இன்னும் விடும். கணவர் வந்தவுடன் குட்டியைப் பார்க்காமல் நேரே முற்றத்துக்கு நடக்கட்டும். அது தொடர்ந்து வந்து வெளியே சிறுநீர் கழித்த பின், பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலாகக் கையை நீட்டாமல், மோவாய்க்கு அடியில் தடவட்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் இது தானாக நின்றுவிடும்.

நனைந்த தரைக்கு என்ன போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, சம அளவு தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துக் காயவிடுங்கள். அம்மோனியா கலந்த திரவங்கள் வேண்டாம். அந்த நெடி குட்டிக்குச் சிறுநீரின் நெடியாகவே தோன்றும். பினாயில் ஊற்றிய ஈரத்தில் குட்டியை நடக்கவிடாதீர்கள். பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும்.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி நன்றாகப் பழகியிருந்தது. மூன்று நாட்களாக அரை மணிக்கு ஒரு முறை வீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாகப் போகிறது; அடிக்கடி சிறுநீர்த் துவாரத்தை நக்குகிறது. பிடிவாதமா?
— வாசகர், களியக்காவிளை

பதில்: பிடிவாதம் என்று எண்ணி ஒரு நாளையும் கடத்தாதீர்கள். பழகிய குட்டி திடீரென்று மாறுவதும், சிறிது சிறிதாக அடிக்கடி போவதும், நக்குவதும் சிறுநீர்ப்பைத் தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். பெண் குட்டிகளுக்கு இது கூடுதலாக வரும். நாளைக் காலை முதல் சிறுநீரை ஒரு தட்டையான கிண்ணத்தில் பிடித்து, காய்ந்த சுத்தமான புட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் குட்டியோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வராவிட்டாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, சோறு உண்ணாமல் வாந்தி எடுத்தாலோ, காலைவரை காத்திருக்கவே வேண்டாம், உடனே புறப்படுங்கள். வீட்டில் மீந்திருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள்; மனிதருக்கான இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். குணமாகும்வரை தண்ணீரைக் குறைக்காமல், கேட்கும்போதெல்லாம் வெளியே விடுங்கள்.