‘கொஞ்சம்’ வேறு, ‘கொஞ்சம்தான்’ வேறு: ஆங்கிலம் கேள்வி பதில்

கேள்வி: கள அலுவலர் வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். ‘ஐ ஹாவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ஒரு வரி போட்டேன். வாசித்த அண்ணன் ஒருவர், ‘வேலை தரவேணாம் எண்டு நீயே எழுதிக் குடுத்திருக்கிறாய்’ என்கிறார். கொஞ்சம் அனுபவம் இருக்கிறது என்றுதானே எழுதினேன்?
பட்டதாரி, வாழைச்சேனை

பதில்: அண்ணன் சொன்னது சரி. ‘லிட்டில்’ என்பதற்கு முன்னால் வரவேண்டிய ‘எ’ விடுபட்டதால் பொருள் கவிழ்ந்துவிட்டது. ‘எ லிட்டில் ரைஸ்’ என்றால் சோறு கொஞ்சம் இருக்கிறது, வந்தவருக்குப் போடலாம். ‘லிட்டில் ரைஸ்’ என்றால் கொஞ்சம்தான் இருக்கிறது, திரும்ப உலை வைக்கவேண்டும். பானையில் கிடப்பது இரண்டிலும் ஒரே அளவாகவே இருக்கலாம். சொல்பவருக்கு அது போதுமா, போதாதா என்பதுதான் வித்தியாசம். தமிழில் ‘தான்’ காட்டும் குறையை ஆங்கிலத்தில் அந்த ‘எ’ இல்லாமை காட்டுகிறது. எழுதுமுன் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘தான்’ வந்தால் ‘எ’ வேண்டாம். வராவிட்டால் ‘எ’ கட்டாயம்.

எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூ’. ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர் வந்தார்கள். ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் கூட்டம் சேரவில்லை என்ற குறை. ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும். ‘ஒன்லி எ ஃபியூ’ என்பதில் ‘எ’ இருந்தும் பொருள் ‘சிலர்தான்’, ஏனென்றால் ‘ஒன்லி’ அங்கே ‘தான்’ ஆகிவிடுகிறது. ‘குவைட் எ ஃபியூ’ என்றாலோ கணிசமான பேர். வெறும் ‘ஃபியூ’, ‘லிட்டில்’ இரண்டும் எழுத்துநடைக்கே அதிகம் பொருந்தும். பேச்சில் ‘நொட் மெனி’, ‘நொட் மச்’ என்பார்கள்.

உங்கள் வரியை ‘எ லிட்டில்’ என்று திருத்தினாலும் எனக்குத் திருப்தியில்லை. இலக்கணம் சரி, ஆனால் தயங்கித் தயங்கிச் சொல்வதுபோல் இருக்கிறது. காலத்தை எழுதுங்கள்: ‘ஐ ஹாவ் எய்ட்டீன் மந்த்ஸ் ஒஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. ‘எக்ஸ்பீரியன்சஸ்’ என்று பன்மையாக்காதீர்கள், அது பட்ட பாடுகளையும் கண்ட சம்பவங்களையும் குறித்துவிடும்.

கேள்வி: ஓட்டோ ஓடுகிறேன். வெளிநாட்டுக்காரருக்குக் கல்லடிப் பாலத்தைக் காட்டும்போது ‘ஒன் பிரிட்ஜ் இஸ் ஓல்ட், அனதர் பிரிட்ஜ் இஸ் நியூ’ என்பேன். சரியா?
கல்லடி

பதில்: விளங்கிக்கொள்வார்கள். ஆனால் காது கூர்மையான ஒருவர் மூன்றாவது பாலம் எங்கே என்று தேடக்கூடும். ‘அனதர்’ என்பது ‘இன்னொரு’. இன்னும் எத்தனையோ இருக்கலாம் என்று கதவைத் திறந்துவைக்கும் சொல். நீங்கள் காட்டுவதோ இரண்டே இரண்டு: லேடி மானிங் பெயரிலுள்ள பழைய பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதியது. ஒன்றைச் சொன்னபின் மிஞ்சுவது ஒன்றே ஒன்று என்றால் அது ‘மற்றது’, ஆங்கிலத்தில் ‘த அதர்’. ‘ஒன் பிரிட்ஜ் இஸ் ஓல்ட், த அதர் இஸ் நியூ’ என்று சொல்லுங்கள்.

‘அனதர்’ என்பதே ‘அன்’னும் ‘அதர்’உம் ஒட்டிய சொல். உள்ளே ‘ஒரு’ இருப்பதால் பின்னால் ஒருமைதான் வரும். ‘அனதர் பிளேசஸ்’ பிழை, ‘அதர் பிளேசஸ்’ சரி. ‘அனதர் டூ டேஸ்’ மட்டும் சரி, அந்த இரண்டு நாளையும் ஒரே தவணையாகக் கட்டிப் பார்ப்பதால். ‘அதர்ஸ்’ என்பது ‘மற்றவர்கள், மற்றவை’ என்று தனியே நிற்கும் சொல். அதனால் ‘அதர்ஸ் பீப்பிள்’ என்றால் ‘மற்றவர்கள் ஆட்கள்’ என்பதுபோல் கேட்கும்.

இரண்டைப் பற்றிய பேச்சென்பதால் இன்னொன்று. ‘இரண்டும் மரப்பாலம் இல்லை’ என்பதை ‘போத் பிரிட்ஜஸ் ஆர் நொட் வூடன்’ என்று அப்படியே பெயர்த்தால், ஒன்று மட்டும் மரமோ என்ற ஐயம் வரும். ‘நைதர் பிரிட்ஜ் இஸ் வூடன்’ என்றால் ஐயமே இல்லை. ‘நைதர்’ வந்தால் ‘நொட்’ வேண்டாம், மறுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பாமசியில் வேலை. மருந்துத் துண்டில் ‘எவ்ரி அதர் டே’ என்று வருகிறது. தினமும் என்று சொல்லலாமா? ‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டும் ஒன்றுதானா?
அக்கரைப்பற்று

பதில்: தினமும் என்று சொல்லிவிடாதீர்கள், இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். ‘எவ்ரி அதர் டே’ என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். உறையில் கிழமையை எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று போய் அடுத்த கிழமை செவ்வாய், வியாழன், சனி என்று மாறும். முதல் குளிசை 1ஆந் திகதி என்றால் 3, 5, 7 என்று திகதியாக எழுதிக் கொடுங்கள். 31 நாள் உள்ள மாதம் முடிந்தால் அடுத்த மாதம் 2ஆந் திகதியிலிருந்து இரட்டை எண்ணுக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டும் ‘ஒவ்வொரு’தான், இரண்டுக்கும் ஒருமை வினைதான். ‘ஈச்’ தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்க்கும், ‘எவ்ரி’ ஒன்றும் விடாமல் மொத்தமாகக் கூட்டும். அதனால் இரண்டே இருந்தால் ‘ஈச்’ மட்டும்தான்: ‘ஈச் ஐ’ என்றால் ஒவ்வொரு கண்ணுக்கும், ‘எவ்ரி ஐ’ என்று துளிமருந்துக்கு எழுதமுடியாது. மாறாக, இடைவெளிக்கு ‘எவ்ரி’ மட்டும்: ‘எவ்ரி எய்ட் அவர்ஸ்’ என்றால் 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 3 தடவை. ‘ஈச் ஒஃப் தெம்’ சரி. ‘எவ்ரி ஒஃப் தெம்’ பிழை, நடுவில் ‘ஒன்’ சேரவேண்டும்.

கேள்வி: கைத்தறிச் சாறிக்கு லேபல் அடிக்கிறோம். ‘இட்ஸ்’ என்பதில் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் மேலே வரும் அந்தக் கொமா போன்ற குறி வேண்டுமா?
மருதமுனை

பதில்: ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்து வாசித்துப் பாருங்கள். வசனம் நின்றால் குறி போடுங்கள், விழுந்தால் வேண்டாம். ‘ஈச் சாறி ஹாஸ் இட்ஸ் ஓன் டிசைன்’ என்பதில் விரித்தால் விழும், ஆகவே குறி இல்லை. ‘யுவர்ஸ்’, ‘அவர்ஸ்’, ‘தெயர்ஸ்’ எதற்கும் குறியே கிடையாது. அச்சுக்குக் கொடுக்குமுன் பாருங்கள், கணினியின் எழுத்துத் திருத்தி இதைப் பல வேளை பிடிக்காது.

கேள்வி: ‘அதிபர் வந்தார்கள்’ என்பதைப் பிள்ளைகள் ‘தே கேம்’ என்று எழுதுகிறார்கள். ‘அவள் தன் அப்பாவோடு போனாள்’ என்பதில் ‘ஹிஸ் ஃபாதர்’ என்கிறார்கள். எப்படித் திருத்துவது?
ஆசிரியை, சம்மாந்துறை

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது மரியாதையால் வருவது. நம் ‘வந்தார்கள்’ ஒருவருக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் எவ்வளவு பெரியவரானாலும் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’தான். ஆணா பெண்ணா தெரியாதபோது ஒருவரை ‘தே’ என்பது நல்ல ஆங்கிலமே, அப்போதும் வினை ‘ஆர்’ என்றே வரும்.

இரண்டாவதற்குக் காரணம் நம் ‘தன்’. அதில் ஆண், பெண் இல்லை. பிள்ளை அடுத்து நிற்கும் ‘ஃபாதர்’ஐப் பார்த்து ‘ஹிஸ்’ போடுகிறது. கரும்பலகையில் உடைமையிலிருந்து உரியவருக்குப் பின்னோக்கி ஓர் அம்பு கீறுங்கள்: யாருடைய அப்பா? அவளுடைய. ஆகவே ‘ஹேர் ஃபாதர்’. ‘ஹீ’க்கு அவன் உம்மா, ‘ஷீ’க்கு அவள் வாப்பா என்று ஆணும் பெண்ணும் எதிரெதிரே வரும் பத்து வசனம் கொடுங்கள். ஒரே பாலாக வரும் வசனங்களில் பிழை ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: ‘வாப்பா அண்ட் ஐ’யா, ‘வாப்பா அண்ட் மீ’யா?
காத்தான்குடி

பதில்: வாப்பாவைச் சற்று விலக்கிவிட்டு வாசியுங்கள். ‘ஐ வென்ட்’ என்பீர்கள், ஆகவே ‘மை ஃபாதர் அண்ட் ஐ வென்ட்’. ‘ஹீ கோல்ட் மீ’ என்பீர்கள், ஆகவே ‘ஹீ கோல்ட் மை ஃபாதர் அண்ட் மீ’. ‘பிட்வீன்’ வந்தால் யோசிக்கவே வேண்டாம், ‘யூ அண்ட் மீ’. நேர்முகத்தில் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கிப் பெயர் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், ‘ஐ ஆம்’ போதும்.