மது வரியை ஏற்றினால் குடி குறையுமா? தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது?

குறையும். ஆனால் எல்லாச் சரக்குக்கும் ஒரே அளவுகோல் இருந்தால்தான். எங்கள் நாட்டு வரியில் அது இல்லை.

நான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். அரசு மருத்துவமனை கேஷுவல்ட்டியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். குடியை முதலில் பார்த்தது வீட்டில்தான்.

பெரியப்பா குடித்தது 'கேன்'. கரும்பாலைப் பாகிலிருந்து வடிக்கும் வெள்ளைச் சாராயம். எங்கள் ஆட்களுக்கு அது ரொம்பப் பழக்கம். (1860 முதல் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை அதே கரும்பு இப்படிப் பிடித்துக்கொண்டதே என்று இன்றும் வயிறு எரிகிறது.) பட்ஜெட் வந்து கேன் விலை ஏறினால் அவர் பாட்டில் ஸ்டோருக்கு (மதுக்கடைக்கு) போகும் நாள் குறையும். பெரியம்மா கையில் நாலு காசு நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் யாரோ அவருக்கு ஐந்து லிட்டர் பெட்டி ஒயினைக் காட்டிக் கொடுத்தார்கள். அதோடு சரி, எந்த பட்ஜெட்டும் அவரை அசைக்கவில்லை. புரட்டாசி மாதம் மட்டும் கவிச்சியும் தொடமாட்டார், குடியும் தொடமாட்டார். மற்ற பதினோரு மாதமும் பெட்டிதான். கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, 58 வயதில் போய்விட்டார்.

ஏன் இப்படி ஆனது என்பது வரிக் கணக்கிலேயே இருக்கிறது. 2025 பட்ஜெட்டில் மது வரியை 6.75 சதவீதம் ஏற்றினார்கள். சாராய வகைகளுக்கு, உள்ளே இருக்கும் தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 292.91 ராண்ட். பீருக்கு 145.07. ஒயினுக்கோ ஆல்கஹால் அளவைப் பார்ப்பதில்லை. ஒயின் லிட்டருக்கு 5.95 ராண்ட், அவ்வளவுதான். 12 சதவீத ஒயினை அதே தூய ஆல்கஹால் கணக்குக்குக் கொண்டுவந்தால் லிட்டருக்கு 50 ராண்ட்கூட வராது. கல்லீரலுக்கு ஒயின் எது, கேன் எது என்று தெரியுமா?

ஒயின் தோட்ட வேலைகளைக் காக்கத்தான் இந்தச் சலுகை என்பார்கள். வேலை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒயின் விளையும் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தின் அதே தோட்டங்களில்தான் ஒரு காலத்தில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமான இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று.

"வரி எதற்கு, ஒரேயடியாகத் தடை செய்யலாமே?" என்பவர்களுக்கு: 2020 மார்ச் 27 முதல் கொரோனா ஊரடங்கில் மது விற்பனையையே நிறுத்தினார்கள். சனிக்கிழமை இரவு கேஷுவல்ட்டியில் கத்திக்குத்தும் கார் விபத்தும் அப்படிக் குறைந்ததை என் வேலைக்காலத்தில் வேறெப்போதும் பார்த்ததில்லை. ஜூன் 1-ல் கடை திறந்தார்கள், கட்டில்கள் மறுபடி நிரம்பின. ஜூலை 12-ல் மறுபடி தடை. அதற்குள் வீட்டுக்கு வீடு அன்னாசியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைக்கப் பழகிவிட்டார்கள், திருட்டுச் சரக்கும் பெருகியது. தடை நீடித்து நிற்காது. வரி வருடா வருடம் நிற்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒயினுக்கும் ஆல்கஹால் அளவைப் பார்த்து வரி போடுங்கள். 2025 கணக்குப்படி ஐந்து லிட்டர் பெட்டிக்கு வரி 30 ராண்டுக்குள். பீர் கணக்கில் போட்டால் 87 ராண்ட். அந்த வரி ஏறிய விலைக்குப் பெரியப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்திருப்பார்.